கணவரோடு ஊருக்குத் திரும்பிப் போகுமுன் கனடாக் குடியுரிமையை எடுத்துவிடுவது நல்லதா?

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருப்பது இதுதான்: அவரிடம் இருப்பது பிஆர், அதாவது கனடாவின் நிரந்தர வதிவுரிமை. கணவர் கனடாக் குடிமகன். இலங்கையில், கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் மாமனாரின் வயலைப் பொறுப்பெடுத்து அங்கேயே இருக்கப்போகிறார்கள். காலபோக விதைப்புக்கு முன் ஊரில் நிற்கவேண்டும் என்று கணவர் அவசரப்படுகிறார். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இவருக்கோ இன்னும் ஐந்து மாதம் குறைகிறது.

நில்லுங்கள், அந்த ஐந்து மாதத்தை முடியுங்கள். எனக்கு ஆறரை மாதம் குறைந்தபோது நான் நிற்கவில்லை.

நானும் கிளிநொச்சிப் பக்கம்தான், ஊர் வட்டக்கச்சி. என் கணவர் ஸ்பொன்சர் பண்ணி 2015 மே மாதம் பிஆரோடு ரொறன்ரோவில் இறங்கினேன். 2017 டிசம்பரில் அம்மா விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டதும் ஓடிவந்தேன். இரண்டு மாதம் கழித்து இவரும் வேலையை விட்டுவிட்டு வந்தார். அப்போது என் கணக்கில் ஏறக்குறைய 900 நாள் இருந்தது. குடியுரிமைக்கு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடா மண்ணில் நின்றிருக்கவேண்டும். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. “புருஷன் சிட்டிசன், அவரோடு எங்கே இருந்தாலும் பிஆர் போகாது” என்று ஸ்காபரோவில் எல்லோரும் சொல்லுவார்கள்.

அது பொய்யில்லை, பாதி உண்மை. பிஆரைத் தக்கவைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்கவேண்டும், குடிமகனான கணவரோடு வெளிநாட்டில் சேர்ந்து வாழும் நாளும் அதில் சேரும். ஆனால் அந்த நாட்கள் குடியுரிமைக்கான 1,095இல் சேராது. இந்த இரண்டு கணக்கையும் ஒன்றென்று நினைப்பவர்கள்தான் அதிகம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இன்னொரு விஷயம், ‘சேர்ந்து வாழும்’ என்றால் சேர்ந்தே வாழவேண்டும். 2020 பெப்ரவரியில் இவர் ஒரு வேலையாக இரண்டு மாதத்துக்கென்று ரொறன்ரோ போனார். மார்ச்சில் கொரோனாவால் கட்டுநாயக்கா விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அவர் திரும்பி வட்டக்கச்சிக்கு வந்தபோது அடுத்த வருடம் பிறந்திருந்தது. அந்த ஒரு வருடத்தில் ஒரு நாள்கூட என் கணக்கில் ஏறவில்லை. இதற்கிடையில் என் பிஆர் அட்டை, அந்தக் ‘காட்’, காலாவதியாகிவிட்டது. காட் முடிந்தால் பிஆர் முடிந்ததாக அர்த்தமில்லை, அது வேறு இது வேறு. ஆனால் காட் இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். கனடாவுக்கு வெளியே இருந்துகொண்டு புதுக் காட் கேட்டு விண்ணப்பிக்கவும் முடியாது. நிரந்தர வதிவாளருக்கான பயணப் பத்திரம் என்று ஒன்றை எடுத்துத்தான் போகவேண்டும். அதற்கு 2021இல் விண்ணப்பித்தபோதுதான் கேட்டார்கள்: நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்ததற்கு என்ன ஆதாரம்?

ஊரே சாட்சி, ஆனால் காகிதத்தில் ஒன்றும் இல்லை. லைட் பில் செத்துப்போன அப்பாவின் பெயரில். காணி அம்மாவின் பெயரில் பெர்மிட், அதாவது அரசு தந்த அனுமதிப்பத்திரம். வாக்காளர் இடாப்பில் நான் இருக்கிறேன், இவர் வெளிநாட்டுப் பிரசை என்பதால் இல்லை. விதானையார் (கிராம சேவையாளர்) நல்ல மனுஷன், கடிதம் தந்தார், அது ஒன்று போதுமா என்ற பயம் போகவில்லை. கடைசியில் கைகொடுத்தது இவர் வாய்க்கு வாய் திட்டிக்கொண்டு பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அலைந்து புதுப்பித்த வதிவிட விசா. ஒவ்வொரு முத்திரையும் அவர் இங்கே இருந்ததைச் சொன்னது. அதோடு விடவில்லை, நான் முதலில் வந்தேன், அவர் பிறகு வந்தார், அப்படியென்றால் யாரோடு யார் வந்தது என்றும் ஒரு கேள்வி. இந்தக் கேள்வியே சிலருடைய வழக்குகளில் பெரிய விவாதமாகியிருக்கிறது. எனக்கு அம்மாவின் ஆஸ்பத்திரித் துண்டுகள்வரை அனுப்பித்தான் தீர்ந்தது. மகள் 2019இல் கிளிநொச்சியில் பிறந்தவள். அப்பா குடிமகன் என்பதால் அவளுக்குப் பிறப்பிலேயே கனடாக் குடியுரிமை. வீட்டில் வழியில்லாமல் நின்றது நான் ஒருத்திதான்.

2021 அக்டோபரில் போய் இறங்கினேன். பழைய 900 நாளில் பெரும்பகுதி ஐந்து வருட எல்லைக்கு வெளியே போய்விட்டது. மிச்சமும் நான் 1,095ஐ எட்டுமுன் கழன்றுவிடும். ஆக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். 2024 கடைசியில் விண்ணப்பம், 2025இல் சத்தியப்பிரமாணம். ஆறரை மாதத்தை மிச்சம்பிடிக்கப்போய் மூன்று வருடம்.

சரி, இலங்கைப் பக்கத்தையும் பாருங்கள், வயலுக்கு வருபவர்களுக்கு அதுதான் முக்கியம். விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும். எடுக்கப்போகிறவர் அதைத் தக்கவைக்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், எடுத்து முடித்தவர் மீளப்பெற விண்ணப்பிக்கலாம். இரண்டும் இரட்டைக் குடியுரிமைதான். நான் சத்தியப்பிரமாணத்துக்கு முன்பே போட்டேன். அம்மாவின் பெர்மிட்டில் பின்னுரித்தாளர் (அவருக்குப் பிறகு காணி சேரவேண்டியவர்) நான், பிரதேச செயலகத்தில் அதைப்பற்றி விசாரித்தபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வியே “நீங்கள் இலங்கைப் பிரசையா?” என்பதுதான். பெர்மிட் இல்லாமல் சொந்த உறுதி உள்ள காணி என்றாலும், வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதை 2014இன் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு அதில் விலக்கு உண்டு. மாமனாரின் வயல் பெர்மிட்டா உறுதியா, உங்கள் கணவரிடம் இரட்டைக் குடியுரிமை இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். வந்த பிறகு கேட்டால் வீட்டில் சண்டைதான் வரும்.

வேறு வேலைகள் சின்னவை. வருமான வரி தாக்கல் உங்களுக்குக் கட்டாயம் என்றால் மூன்று வருடத்துக்குத் தாக்கல் செய்து வையுங்கள். 55 வயதுக்குக் குறைவென்றால் மொழிச் சான்று, சோதனை இரண்டும் உண்டு. நாட்களை எண்ணும்போது சரியாக 1,095இல் நிறுத்தாமல் ஒரு கிழமையாவது கூட்டிப் போடுங்கள், பயணத் திகதியில் ஒன்று பிழைத்தாலும் விண்ணப்பம் விழும்.

விண்ணப்பம் போட்ட பிறகு ஊருக்கு வரலாம், தடையில்லை. பிஆர் நிபந்தனையை மட்டும் உடைக்கக்கூடாது, சத்தியப்பிரமாணத்துக்குக் கனடாவில் நிற்கவேண்டும். ஆகவே விதைப்புக்கு அவரை முன்னுக்கு அனுப்புங்கள். அவர் முதலில் வந்தார், நீங்கள் அவரோடு இருக்க வந்தீர்கள் என்பதும் காகிதத்தில் நேராக இருக்கும். செப்டெம்பரில் அவர் விதைத்தால், நீங்கள் நாட்களை எண்ணி முடித்து, விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பெப்ரவரியில் அரிவு வெட்டுக்கு வந்து நிற்கலாம்.