பின்தொடர்வோர் 12,000 பேர். மீன் வாங்குவது யார்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, ஆய்ந்து, துண்டு போட்டு வீடுகளுக்கு அனுப்பும் தொழிலை நானும் என் கணவரும் செய்கிறோம். இன்ஸ்டாகிராமில் எங்கள் பக்கத்தை 12,000 பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால் 3,000 பேர் இருந்த காலத்தில் வந்த அளவுக்குத்தான் இன்றும் ஆர்டர் வருகிறது. பணம் கொடுத்தால் 50,000 ஆக்கித் தருவதாக என் மைத்துனரின் நண்பர் சொல்கிறார். எங்கள் பக்கம் உண்மையிலேயே பயன் தருகிறதா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

பதில்: அந்த 50,000 வேண்டாம். விலைக்கு வரும் கணக்குகள் உங்கள் ரீலைப் பார்ப்பதில்லை, மீனும் வாங்குவதில்லை. இன்ஸ்டாகிராமின் விதிகளுக்கும் அவை எதிரானவை. பின்தொடர்வோர் எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்த நேரத்தில் செயலியைத் திறக்கிறார்கள் என்று இன்ஸ்டாகிராமின் புள்ளிவிவரப் பகுதியான இன்சைட்ஸ் தரும் விவரம்தான் உங்கள் கையில் இருக்கும் நல்ல கருவி. அதையும் அந்தப் போலிக் கூட்டம் குழப்பிவிடும்.

பின்தொடர்வோர் எண்ணிக்கை என்பது என்றோ ஒருநாள் ஒரு பொத்தானை அழுத்தியவர்களின் தொகை. அவர் பிறகு கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்திருந்தாலும், ஓராண்டாக உங்கள் பதிவு எதையும் பார்க்காமல் இருந்தாலும் அந்த எண் குறையாது. உங்கள் வண்டி போய்வரக்கூடிய தூரத்தில் இவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இன்சைட்ஸில் ஊர்வாரியான பட்டியல் உண்டு. ஆனால் அதற்குப் பெரம்பூரும் ஒன்றுதான், அடையாறும் ஒன்றுதான், இரண்டையும் சென்னை என்றே காட்டும். ஆகவே ஆர்டர் எழுதும் நோட்டில் அஞ்சல் குறியீட்டுக்கென ஒரு பத்தி போடுங்கள். 600081, 600021, 600013 என்று சில வாரங்கள் எழுதிவந்தாலே எந்தத் தெருக்களில் உங்கள் பெயர் பரவியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். எந்தச் செயலியும் இதை உங்களுக்குச் சொல்லாது.

அடுத்தது, பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது. நீங்கள் அனுப்பிய திரைப்பதிவுகளில் இரண்டு ரீல்களை எடுத்துக்கொள்கிறேன். பெரிய வஞ்சிரம் ஏலம் போகும் ரீல் 2,10,000 பேரை எட்டியிருக்கிறது; அதைச் சேமித்தவர்கள் 210 பேர், பிறருக்கு அனுப்பியவர்கள் 420 பேர். சங்கராவின் செவுளைத் தூக்கிக் காட்டி, சிவப்பாக இருந்தால் புதிது, கண் தெளிவாகத் துருத்தி நிற்க வேண்டும் என்று உங்கள் கணவர் விளக்கும் ரீல் 3,800 பேரைத்தான் எட்டியது. ஆனால் சேமித்தவர்கள் 152, அனுப்பியவர்கள் 95. எட்டிய எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: சேமிப்பு முதலாவதில் 0.1 சதவீதம், இரண்டாவதில் 4 சதவீதம். வஞ்சிரம் ரீலை வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவுதான். சங்கரா ரீலைச் சேமித்தவர்கள் மீன் வாங்கப்போகும் வீட்டுக்காரர்கள். பின்தொடர்வோர் தொகையால் வகுத்துச் சதவீதம் சொல்லும் வழக்கமும் உண்டு, விளம்பர நிறுவனங்களுக்கு அது பிடித்தமானது. உங்களுக்கு அதனால் பயன் குறைவு. ஒரு பதிவு எந்த அளவில் பரவும் என்பதில் பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புதல் ஆகிய மூன்றும் முக்கியமானவை என்றும், புதியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அனுப்புதலுக்கு எடை கூடுதல் என்றும் இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025-இல் விளக்கியிருக்கிறார். ஆகவே "இதை யாருக்காவது அனுப்பத் தோன்றுமா?" என்று கேட்டுக்கொண்டு பதிவு போடுவது வியாபாரத்துக்கும் நல்லது.

இனி பணத்துக்கு வருவோம். உங்கள் ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அவற்றுள் எவை இன்ஸ்டாகிராமிலிருந்து வந்தவை, எவை பக்கத்து வீட்டு அக்கா சொல்லி வந்தவை என்பது இப்போது உங்களுக்குத் தெரியாது. இதற்கு எளிய வழி இருக்கிறது. உங்கள் எண்ணுக்கான வாட்ஸ்அப் இணைப்பை உருவாக்கும்போது, அதைத் தொடுபவரின் திரையில் தானாக வந்து நிற்கும் ஒரு வாசகத்தையும் சேர்க்கலாம். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வைக்கும் இணைப்பில் "இன்ஸ்டா பார்த்தேன், இன்று என்ன மீன்?" என்றும், கூகுள் வரைபடப் பக்கத்தில் வேறு வாசகமும், துண்டுச்சீட்டின் கியூஆர் குறியீட்டில் மற்றொன்றும் வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் லேபிள் வசதியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்துவிட்டால், மாதக் கடைசியில் எண்ணிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம்; ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்துவைத்தவருக்கு மட்டுமே அச்செய்தி போய்ச் சேரும். காலையில் அனுப்பும் விலைப்பட்டியல் எத்தனை பேருக்குச் சேர்ந்தது என்பதை, என் கணிப்பில், அந்த 12,000-ஐவிட மேலான எண்ணாகக் கொள்ளலாம்.

விளம்பரத்துக்கும் இதே கணக்குதான். 1,500 ரூபாய் கொடுத்து ஒரு ரீலை பூஸ்ட் செய்து 12 புதிய வீடுகள் கிடைத்தால், வீட்டுக்கு 125 ரூபாய் செலவு. ஓர் ஆர்டரில் உங்களுக்கு நிற்பது 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் ஆர்டரில் 35 ரூபாய் நட்டம். அதே வீடு இரண்டாம் முறை வாங்கும்போதுதான் முதலுக்கு வந்து 55 ரூபாய் மிஞ்சும். ஆகவே முதல்முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் 30 நாளுக்குள் மறுபடி கேட்டார்கள் என்பதை எழுதிவையுங்கள். அது குறைந்தால் குறை பெரும்பாலும் பதிவில் இருக்காது. மீன் வந்து சேர்ந்த நேரத்தையோ, ஆய்ந்த விதத்தையோ, எடையையோ பாருங்கள்.

மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை; வரத்து குறைந்து விலை ஏறுவதால் உங்கள் ஆர்டர் சரிவதற்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சம்பந்தம் இல்லை. புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் நின்றுவிடும். ஐப்பசியில் ஆர்டர் கூடியதற்குப் புதிய ரீலைக் காரணமாகச் சொல்லி உங்களிடம் யாரேனும் கட்டணம் கேட்கலாம். போன ஐப்பசிக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு உங்கள் நோட்டில்தான் இருக்க வேண்டும் என்பதால், சேமித்தவர், அனுப்பியவர், இன்ஸ்டா வழி ஆர்டர், மறுபடி வாங்கிய வீடுகள் ஆகிய நான்கை மட்டும் வாரம் ஒருமுறை, திங்கள்கிழமை போல வியாபாரம் மந்தமான ஒரு நாளில், கையால் எழுதிவரத் தொடங்குங்கள்.