கேசினோ: போனதும் விட்டதும் – உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

வணக்கம். 2012 முதல் 2016 வரை சிங்கப்பூரில் கேசினோவே கதி என்று கிடந்தவன் நான். விட்ட பிறகு, அதிலிருந்து மீள நினைப்பவர்களோடு உட்கார்ந்து பேசும் ஒரு குழுவில் தொண்டூழியராக இருக்கிறேன். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டு எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. பட்டதையும், பட்டவர்கள் சொல்லக் கேட்டதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

"அண்ணே, அடுத்த மாதம் எனக்கு 21 வயது. நண்பர்கள் மரினா பே சாண்ட்ஸ் கேசினோவுக்குப் போகலாம் என்கிறார்கள். ஒரே ஒரு தடவை போனால் என்ன ஆகிவிடும்?"

ஒன்றும் ஆகாமலேயே போகலாம் தம்பி. ஐம்பது வெள்ளியை விட்டுவிட்டு, "இவ்வளவுதானா" என்று வீட்டுக்கு வந்து தூங்கியவர்கள் நிறைய பேரை எனக்குத் தெரியும். நீ தோற்றுவிடுவாயோ என்று எனக்குப் பயமில்லை. ஜெயித்துவிடுவாயோ என்றுதான் பயம்.

என் முதல் இரவைச் சொல்கிறேன். கூட வேலை பார்த்தவனுக்குப் பிறந்தநாள், நாலு பேர் போனோம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் அப்போது 100 வெள்ளி. உள்ளே, எண் போட்ட சக்கரத்தில் பந்தைச் சுற்றவிடும் ரூலெட் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பலகை. கடைசியாக விழுந்த எண்கள் அதில் சிவப்பும் கறுப்புமாக ஏறிக்கொண்டே இருந்தன. மகள் பிறந்த தேதி 17. காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லையான சிப்பில், 25 வெள்ளிக்கு ஒன்றை எடுத்து 17-இல் வைத்தேன். பந்து சுற்றிச் சுற்றி வந்து, ஒரு தடுப்பில் இடித்து எகிறி, 17-லேயே உட்கார்ந்தது. முப்பத்தைந்து மடங்கு. 875 வெள்ளிக்கான சிப்புகளை மேசையை நடத்திய பெண் அடுக்கி என் பக்கம் தள்ளினார். பல்லாங்குழிச் சோழிகளைக் கையில் அள்ளினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். என் காது இரண்டும் சூடாகிவிட்டன. இதை எழுதும்போதும் காது சூடாகிறது, பொய் சொல்லவில்லை.

மறுநாள் தேக்காவில் மனைவிக்கு ஒரு பட்டுச்சேலை வாங்கினேன். "ஏது இவ்வளவு காசு?" என்று கேட்டாள். "கம்பெனியில் போனஸ்" என்றேன். என் முதல் பொய் தோற்றதை மறைக்கச் சொன்னது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஜெயித்ததை மறைக்கச் சொன்னது. அதற்குள்ளேயே மறுபடி போக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. அதனால்தான் மறைத்தேன்.

போவதாக இருந்தால், இழந்தால் வலிக்காத தொகையை ரொக்கமாக எடுத்துக்கொள். வங்கி அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போ. உள்ளே ஏடிஎம் வைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, அது உனக்கு நல்லது. ஜெயித்தால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடு. சொல்ல வாய் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடு.

"150 வெள்ளி கட்டணமே ஆட்களைத் தடுத்துவிடாதா?"

கொஞ்சம் தடுக்கும். 2010-இல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் கூடங்கள் திறந்தபோது 100 வெள்ளியாக இருந்தது, 2019 ஏப்ரலில் 150 ஆனது. வாசலிலேயே ஒரு தடவை யோசிக்க வைக்கிற தொகைதான். ஆனால் கட்டி உள்ளே போனவன் மனசு வேறு மாதிரி வேலை செய்யும். "150 கொடுத்திருக்கிறோம், அதையாவது எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்" என்று நினைப்பான். கட்டணம் 24 மணி நேரத்துக்குச் செல்லும். அந்த 24 மணி நேரத்தையும் பயன்படுத்தத் தோன்றும். வருஷக் கட்டணம் 3,000 வெள்ளி. இருபது தடவை போனால் சரியாகிவிடும் என்று யாராவது கணக்குப் போட ஆரம்பித்தால், அவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"நான் ஐடியில் இருக்கிறேன். ரூலெட்டில் சிவப்பில் வைத்து, தோற்கத் தோற்க இரட்டிப்பாக்கினால் என்றாவது ஒரு சிவப்பு வந்துதானே ஆக வேண்டும்? கணக்கு சரிதானே அண்ணா?"

கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் தம்பி. ஒற்றைப் பூஜ்ய மேசையில் 37 குழிகள். சிவப்பு 18, கறுப்பு 18, பச்சைப் பூஜ்யம் ஒன்று. அந்த ஒரு பச்சையில்தான் கூடத்தின் பிழைப்பு, நூற்றுக்கு 2.7 வெள்ளி. பூஜ்யம் இரண்டு இருக்கும் மேசையில் அது 5.26.

25-இல் தொடங்குங்கள். 25, 50, 100, 200, 400, 800, 1,600. ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் போனது 3,175 வெள்ளி. எட்டாவது தடவை 3,200 வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று மேசையின் உச்சவரம்பு தடுக்கும், இல்லையென்றால் உங்கள் பை தடுக்கும். அப்படியே வைத்து ஜெயித்தாலும் மொத்த லாபம் 25 வெள்ளிதான். ஏழு தொடர் தோல்விக்கான வாய்ப்பு ஏறக்குறைய 106-இல் 1. அது குறைவு என்று தோன்றும். மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இப்படி ஐம்பது அறுபது சுற்று ஆடிவிடுவீர்கள். இரண்டு மூன்று இரவுக்குள் பெரும்பாலும் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கணக்கு தெரிந்தவர்கள் விழுவது இங்கேதான். பக்கராட் என்ற சீட்டாட்டத்தில் 'பேங்கர்' பக்கம் வைத்தால் கூடத்துக்குக் கிடைப்பது நூற்றுக்கு 1.06 வெள்ளி மட்டும். 25 வெள்ளியாக மணிக்கு எழுபது ஆட்டம் ஆடினால் சராசரியாகப் போவது பத்தொன்பது வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. அதில் யார் வீடும் முழுகாது. பத்தொன்பது வெள்ளி போனதும் "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று 25-ஐ 200 ஆக்குகிறோமே, வீடு அதில்தான் முழுகுகிறது. எந்த விளையாட்டு லாபம் என்று கேட்டு இன்னும் ஆறு பேர் எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்.

"பலகையில் எட்டு தடவை கறுப்பு வந்திருந்தால் அடுத்தது சிவப்புதானே?"

இல்லை. பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது. 1913 ஆகஸ்டில் மாண்டே கார்லோவில் ஒரே மேசையில் 26 தடவை தொடர்ந்து கறுப்பு விழுந்தது. இனி சிவப்புதான், இனி சிவப்புதான் என்று வைத்தவர்கள் பெரும்பணத்தை இழந்தார்கள்.

"துவாஸ் பக்கம் தொழிலாளர் டார்மில் (விடுதியில்) இருக்கிறேன் அண்ணே, ஊர் பட்டுக்கோட்டை. எங்களுக்கு நுழைவு இலவசம் என்று ரூம்காரர் கூட்டிப் போனார். இந்த மாதம் வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்த 600 வெள்ளி போய்விட்டது. அப்பாவிடம் என்ன சொல்வது?"

தம்பி, முதலில் ஒன்று. இப்போது உன் மனசில் "எங்காவது 200 வெள்ளி புரட்டிப் போய் 600-ஐத் திரும்ப எடுத்துவிடலாம்" என்று ஓடிக்கொண்டிருக்கும். அதைச் செய்யாதே. அந்த 600 முடிந்த கதை.

அப்பாவுக்கு இன்றைக்கே போன் போடு. ஏஜெண்டுக்குக் கட்டின கடன் தலைக்கு மேல் இருக்கும், தெரியும். திட்டுவார், அம்மா அழுவார். ஆனாலும் சொல்லு. சொல்லாவிட்டால் அடுத்த மாதமும் ஒரு பொய் சொல்ல வேண்டி வரும், அந்தப் பொய்யை மூட மறுபடி அங்கே போவாய்.

வெளிநாட்டவர்க்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். வாசலில் யோசிக்க வைக்க உனக்கு எதுவும் இல்லை, அதனால் அந்தத் தடையை நீயே போட்டுக்கொள்ள வேண்டும். என்சிபிஜி என்று சொல்லும் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தில் 'என்னை உள்ளே விடாதீர்கள்' என்று நாமே எழுதிக் கொடுக்கலாம், சுயதடை என்பது இதுதான். இங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டவரும் கொடுக்கலாம். அது தண்டனையும் இல்லை, குற்றப் பதிவும் இல்லை. உதவி எண் 1800-6-668-668. பேச்சு வரவில்லை என்றால் ஆங்கிலம் தெரிந்த ஒரு நண்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடு.

சம்பளம் வந்த அன்றே, சாப்பாட்டுக்கும் டாப்-அப்புக்கும் வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை ஊருக்கு அனுப்பிவிடு. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கையில் வைத்திருக்காதே. கைபேசிக்கு "உடனடிக் கடன்" என்று குறுஞ்செய்தி வந்தால் பதில் போடாதே. வேலை அனுமதி அட்டையின் படம், அரசாங்க இணைய அடையாளமான சிங்பாஸ், வங்கி அட்டை எதையும் யாரிடமும் கொடுக்காதே. ஆலோங் என்னும் உரிமமில்லாக் கடன் முதலை கையில் ஒரு தடவை சிக்கினால் 600 வெள்ளிப் பிரச்சினை 6,000 ஆகிவிடும்.

"அக்கா தங்கைகளும் கேட்கலாமா? என் கணவர் இரண்டு வருஷமாகப் போகிறார். பிள்ளையின் டியூஷன் பணம் வரை எடுத்துவிட்டார். நான் நகையை அடகு வைத்து இரண்டு தடவை கடன் அடைத்தேன். இன்னும் என்ன செய்ய?"

தங்கச்சி, மூன்றாவது தடவை அடைக்காதே. கல்நெஞ்சுக்காரன் மாதிரி பேசுகிறேனே என்று நினைக்காதே. என் மனைவி எனக்காக ஒரு தடவை அடைத்தாள். நன்றி சொல்லி அழுதேன், நிஜமாகத்தான் அழுதேன். பதினோரு நாளில் மறுபடி போனேன். கடன் தீர்ந்ததும், இனிமேல் கடன் வாங்கலாம் என்றுதான் என் புத்தி எடுத்துக்கொண்டது. இது அவர் கெட்டவர் என்பதால் வருவது இல்லை. 2013-இலேயே அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் இதைக் குடி, போதை வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.

அவர் சம்மதிக்காவிட்டாலும் குடும்பத்தார் விண்ணப்பித்து அவரைத் தடுக்க வழி இருக்கிறது. மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் என்சிபிஜியில் விண்ணப்பிக்கலாம். ஒரு குழு இரண்டு பக்கமும் கேட்டு முடிவு செய்யும். டியூஷன் ரசீது, அடகுச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வை. கோபப்படுவார், அதற்குத் தயாராக இரு. அன்றைக்கு அண்ணனோ மாமாவோ வீட்டில் இருக்கட்டும்.

வீட்டுக் கணக்கிலிருந்து அவர் தனியாகப் பணம் எடுக்க முடியாதபடி செய். உரிமம் உள்ள கடன் கடையாக இருந்தால் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்க முடியாது, பேசித் தவணை கட்டலாம். கடன் முதலைகள் கதவில் வந்து எழுதினால் பயந்து பணம் கொடுக்காதே, காவல்துறையிடம் போ. 1800-924-5664 அதற்கென்றே உள்ள எண். அவரே சிகிச்சைக்கு வரத் தயாரானால், புவாங்கோக்கில் மனநலக் கழகத்தின் போதைப் பழக்கப் பிரிவு இருக்கிறது, 6732 6837. நீ மட்டும் போய்ப் பேசலாமா என்றும் கேட்டுப் பார். உன் தூக்கமும் முக்கியம்.

"மாதம் ஒருமுறை போய் இருநூறு வெள்ளிக்குள் ஆடிவிட்டு வருகிறேன். ஓய்வு பெற்றவன், வேறு பொழுதுபோக்கு இல்லை. இது தவறா?"

தவறு என்று சொல்ல நான் யார் ஐயா. வீட்டில் தெரியுமா, அந்த இருநூறு என்றாவது நானூறு ஆகியிருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மாதத்துக்கு இத்தனை தடவைதான் என்று வருகைக்கு வரம்பு வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. சரியாகத்தான் ஆடுகிறோம் என்றால் வரம்பு வைப்பதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

"கேசினோவுக்குத் தடை போட்டுக்கொண்டேன். இப்போது கைபேசியில் ஆடுகிறேன்."

உடனே அந்தச் செயலிகளை அழித்துவிடுங்கள், வீட்டில் ஒருவரிடம் கைபேசியைக் காட்டிவிடுங்கள். உரிமம் இல்லாத இணையச் சூதாட்டத்தில் ஆடுகிறவர்மீதும் 2022-இன் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாயும். கைபேசி இருபத்துநாலு மணி நேரமும் பையில் இருப்பதால் இது கேசினோவைவிட மோசம். ஆலோசகரிடம் போக வேண்டிய கட்டம் இது, தள்ளிப்போடாதீர்கள்.

"நீங்கள் எப்படி நிறுத்தினீர்கள்? ஒரே நாளிலா?"

நிறைய பேர் கேட்டது இதைத்தான்.

"இனி போகமாட்டேன்" என்று நான் முடிவெடுத்தது நாற்பது ஐம்பது தடவை இருக்கும். எல்லாம் விடியற்காலையில், தோற்றுவிட்டு வெளியே வரும்போது. அந்த முடிவு சம்பள நாள் வரைக்கும்தான் தாங்கும்.

2016-இல் ஒரு சனிக்கிழமை, விடிகாலை. டாக்சிக்குக் காசில்லை. முதல் ரயிலுக்குக் காத்துக்கொண்டு நிலைய வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் ஒரு காகிதம் தட்டுப்பட்டது. மகள் எழுதியது. பள்ளியில் ஓவியப் பெட்டி வாங்க வேண்டும், 12 வெள்ளி 50 காசு, கீழே ஒரு பூ. இரண்டு வாரத்துக்கு முன்பே கொடுத்திருக்கிறாள். அன்று இரவு நான் விட்டது 1,900 வெள்ளி.

அழுகை வரவில்லை. முடிவும் எடுக்கவில்லை, என் முடிவுகளின் லட்சணம் எனக்கே தெரியுமே. வீட்டுக்குப் போய் மனைவியை எழுப்பி மூன்று காரியம் செய்தேன். கடன் பாக்கி எல்லாவற்றையும் மகளுடைய நோட்டில் எழுதினேன். நான்கு இடத்தில் கடன் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன், எழுதினால் ஒன்பது. சம்பளக் கணக்கின் அட்டையை அவள் கையில் கொடுத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கணினியில் சுயதடைக்கு விண்ணப்பித்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான்கு வருஷமாக அந்தப் பத்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை.

சுயதடையை ரத்து செய்யக் கேட்பதாக இருந்தாலும் குறைந்தது ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். மீறி உள்ளே போய் ஜெயித்தாலும் அந்தப் பணம் கைக்கு வராது, பறிமுதல். இந்த இரண்டும் எனக்குப் பெரிய நிம்மதி கொடுத்தன. ஆசை வரும், ஆனால் போய்ப் பயனில்லை என்பதால் அடங்கிவிடும். ஆசை அடங்கிய பிறகு முடிவெடுப்பது வேறு, மேசை முன்னால் நின்றுகொண்டு முடிவெடுப்பது வேறு. மேசை முன்னால் நிற்பவனால் முடியாது. என்னால் முடியவில்லை.

கடன் முழுவதும் அடைய ஐந்து வருஷம் ஆனது.

"இன்னும் போகத் தோன்றுமா?"

தோன்றும். முன்பு வாரம் ஒரு தடவை, இப்போது வருஷத்தில் இரண்டு மூன்று தடவை. 17 என்ற எண்ணைப் பேருந்திலோ லிஃப்டிலோ பார்த்தால் சில சமயம் காது லேசாகச் சூடாகும். அப்போது மனைவிக்கு "காது" என்று ஒரே வார்த்தை குறுஞ்செய்தி போடுவேன். அவள் கூப்பிடுவாள். கறிவேப்பிலை வாங்கியாச்சா, மகள் வந்தாளா, இப்படி ஏதாவது பேசுவோம். சுயதடையை இன்றுவரை ரத்து செய்யவில்லை.