பூச்சி அண்டாத பருத்தித் துணி: தைலம் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: கோத்தகிரியில் சிறிய தையலகம் நடத்துகிறோம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தைக்கும் பருத்தி உடைகளை நீலகிரித் தைலத்தில் நனைத்துப் பார்த்தோம். மறுநாளே பலன் போய்விட்டது. பல சலவைக்கும் தாங்கும்படி செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அது தைலத்தை மேலும் ஊற்றுவதன்று. நீலகிரித் தைலத்தின் முதன்மைக் கூறான சினியோல் விரைவில் ஆவியாகிவிடும்; நீரை ஈர்க்கும் பருத்தி இழையோடு எண்ணெய் பிணைந்து நிற்பதும் இல்லை. சிட்ரொனெல்லா போன்ற எண்ணெய்களை நுண்ணுறைகளில் அடைத்து, அக்ரிலிக் பைண்டர் என்னும் ஒட்டுப்பொருள் கொண்டு துணியில் ஒட்டினால், உடை உராயும்போது உறைகள் உடைந்து மணம் சிறுகச் சிறுக வெளிப்படும். கொசுவுக்கு இது பொருந்தும் என்றாலும், பைண்டர் இறுகத் தரும் சூட்டிலும் இஸ்திரியிலும் எண்ணெயின் ஒரு பகுதி வீணாகும்.

உங்கள் தொழிலாளர்களைப் பொறுத்தவரை எனக்குப் பெருங்கவலை, புதரிலிருந்து உடையில் ஊர்ந்து ஏறும் உண்ணிகளும், உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் மைட் என்னும் மிகச் சிறிய உண்ணியினத்தின் இளம்பருவமும்தான். இவற்றைத் தடுக்க மணத்தைவிட, தொட்டவுடன் தாக்கும் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லியே ஏற்றது. பூச்சிகளைக் கொல்லும் பைரெத்ரம் மலரின் இயற்கைச் சாறு வெயிலில் விரைவில் சிதைவதால், 1973-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் அதையொத்த செயற்கைப் பொருளாக, வெயிலைத் தாங்கும்படி உருவாக்கியது இது. அமெரிக்க ராணுவ உடைகளில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.25 கிராம் என்ற அளவில் ஏற்றப்படுகிறது. அட்டைப்பூச்சி வேறு இனம். அதற்கு நெருக்கமாக நெய்த நீண்ட காலுறைதான் வழி.

இதைத் தையலகத்தில் வாளியில் செய்ய வேண்டாம். கஞ்சியும் மெழுகும் நீக்கி வெளுத்த துணியை, தைப்பதற்கு முன்பே, திருப்பூர் அல்லது ஈரோட்டுப் பதப்படுத்தும் ஆலைக்கு அனுப்புங்கள். அங்கே மருந்தும் பைண்டரும் கலந்த கரைசலில் தோய்த்து, உருளைகளிடையே பிழிந்து, உலர்த்தி, ஸ்டென்டர் என்னும், துணியை விரித்துப் பிடித்துச் சூடேற்றும் எந்திரத்தில் சூடேற்றுவார்கள். துணிக்கென்றே உரிய பதிவு பெற்ற மருந்துதானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெர்மெத்ரின் மீன்களுக்கும் தேனீக்களுக்கும் கொடியது, பூனைகளுக்கும் ஆகாது. கோத்தகிரியின் ஓடைகள் மாயாற்றிலும் பவானியிலும் சேர்வதால், மிச்சக் கரைசல் ஒரு சொட்டும் சாக்கடையில் போகலாகாது.

ஆலை சொல்லும் சலவை எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடாதீர்கள். துவைக்காத துண்டு, 10 சலவை கண்ட துண்டு, 20 சலவை கண்ட துண்டு என மூன்றையும் கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவிடம் எடுத்துச் சென்று, மருந்து எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை அளக்க முடியுமா எனக் கேளுங்கள். பெரிய ஆர்டர் கொடுப்பது அந்த முடிவு கைக்கு வந்த பிறகு இருக்கட்டும்.