மேட் போடும் முன் பலகையைப் படியுங்கள்: பழைய சர்ஃப் பலகையைச் செப்பனிடும் முறை

கேள்வி: பொழியூருக்கு இப்பால், நீரோடியில் இருந்து எழுதுகிறேன். 1980-களில் கேரளக் கோவளத்தில் லாட்ஜ் வேலை பார்த்த என் சித்தப்பாவிடம், அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் சர்ஃப் பலகையைக் கொடுத்துவிட்டுப் போனார். நீளம் 6 அடி 10 அங்குலம். வாலடியில் பலகையோடு சேர்த்துக் கட்டிய ஒற்றை ஃபின் (மீன் துடுப்பு போன்றது). அதன் அடியில் ஒரு துளை, கூடவே விரிசல். விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு உடைசல். தூக்கினால் நல்ல கனம். மூக்குப் பக்கம் ஓர் ஓவல் முத்திரை. அதில் ஊர்ப்பெயர் போல ஒன்று 'வேல்' என்று முடிகிறது. ஃபைபர் வள்ளம் கட்டும் அண்ணன் ஒருவர், "மேட் ஒரு சுற்றுப் போட்டு ஜெல்கோட் அடிச்சா புதுசாயிரும்" என்கிறார். செய்யலாமா? இதைச் செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: மேட் வேண்டாம், ஜெல்கோட்டும் வேண்டாம். வள்ளத்துக்குச் சரியான வேலை இந்தப் பலகையைக் கெடுத்துவிடும். மேட் என்பது நெய்யாத கண்ணாடி இழை விரிப்பு. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் தன் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசினை (இறுகும் பிசினை) குடிக்கும். உங்கள் பலகையின் இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர் வரும். ஒரு சுற்று மேட்டே இரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றிவிடும். இந்த அளவுப் பலகை உலர்ந்த நிலையில் நாலைந்து கிலோதான் இருக்கும். ஜெல்கோட் என்பது அச்சுக்குள் முதலில் அடிக்கிற பூச்சு. திறந்த வெளியில் மேலே அடித்தால் காற்றுப் பட்ட பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும்.

எடையைவிடப் பெரிய நஷ்டம் வேறு. முத்திரை மெல்லிய தாளில் அச்சிட்டு, கண்ணாடி இழைத் துணியோடு சேர்த்து ரெசினுக்குள் பதிக்கப்பட்டது. செய்தவரின் பென்சில் எழுத்து அதற்கும் அடியில், பலகையின் உள்ளே இருக்கும் ஃபோமின் (கெட்டி நுரையின்) மேல் இருக்கும். உப்புத்தாள் ஓட்டி நிறப்பூச்சும் அடித்துவிட்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை அதற்குள்ளேயே போய்விடும். ஆகவே முதல் வேலை பலகையை வாசிப்பதுதான்.

மேல்பக்கத்தில் பழைய மெழுகு அப்பியிருக்கும். காலை வெயிலில் பத்து நிமிடம் வைத்து, அது இளகியதும் பிளாஸ்டிக் அட்டையால் வழியுங்கள். கத்தி, உளி ஆகாது. மிச்சத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள். உடைசலுக்குள் தண்ணீர் போகாதபடி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நிறக்கோடுகள் இருக்கும் இடத்தில் அசிட்டோன் படக்கூடாது.

பிறகு இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நடுவே ஓடும் மரக்கீற்றின் இருபுறமும் மூக்கிலிருந்து வால்வரை பாருங்கள். ஃபின்னுக்கு முன்னால் இருக்கும் ஓரடி நீளத்தில் நிதானமாகத் தேடுங்கள். அளவுகள், வரிசை எண், செய்தவரின் கையெழுத்து, யாருக்காகச் செய்தது என்ற பெயர் ஆகியவை பென்சிலில் இருக்கக்கூடும். தெரிகிற எல்லாவற்றையும் படமெடுத்து, கைபேசியிலேயே கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய எழுத்துகூட மேலெழும்.

காலத்தைக் கணிக்கப் பலகையின் வடிவமே உதவும். 1967-க்கு முன் வழக்கமான பலகைகள் ஒன்பது அடியும் அதற்கு மேலும் இருந்தன. ஆஸ்திரேலியாவிலும் ஹவாயிலும் அந்த ஓரிரு ஆண்டுகளில்தான் நீளம் மளமளவென்று குறைந்தது. ஆகவே ஏழடிக்கும் குறைவான உங்கள் பலகை பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியச் சர்ஃபர் மார்க் ரிச்சர்ட்ஸ் இரட்டை ஃபின் பலகையில் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து உலகப் பட்டம் வென்றார். 1981-இல் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் பலகையோடு பெல்ஸ் பீச் போட்டியை வென்றார். அதன்பின் ஒற்றை ஃபின் குறும்பலகை சீக்கிரமே வழக்கொழிந்தது. காலில் கட்டும் லீஷ் கயிறு 1970-களின் தொடக்கத்தில் வந்து, அந்தப் பத்தாண்டின் நடுவில் பரவியது. கயிறு மாட்டத் தனிக் குழியோ வளையமோ இல்லாமல் ஃபின்னில் துளை போட்டிருப்பது, பலகை செய்தபின் யாரோ லீஷ் சேர்த்திருக்கலாம் என்பதைக் காட்டுகிறது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 1960-களின் கடைசிக்கும் 1970-களின் நடுவுக்கும் இடைப்பட்டது என்று கொள்வது நியாயமான ஊகம். முத்திரையில் முகவரி இருந்தால் இன்னும் இறுக்கலாம்: ஆஸ்திரேலியாவின் நான்கு இலக்க அஞ்சல் குறியீடு 1967-இலும், அமெரிக்காவின் ஐந்து இலக்கக் குறியீடு 1963-இலும் வந்தவை.

'வேல்' என்று முடியும் ஊர் சிட்னியின் வடபகுதியில் உள்ள புரூக்வேலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பாரி பென்னட், கார்டன் உட்ஸ், பில் வாலஸ், ஸ்காட் டில்லன், டென்னி கியோ, கிரெக் மெக்டோனா ஆகிய ஆறு பேர் பட்டறை போட்ட இடம் அது. ஆஸ்திரேலியப் பலகைத் தொழிலின் தாய்வீடு என்றே சொல்லலாம். கியோவின் 'கீயோ' பட்டறையில்தான் பலகை செதுக்குபவரான பாப் மெக்டாவிஷ் 1967-இல் தன் குறும்பலகைச் சோதனைகளைச் செய்தார். 1970-களில் 'ஷேன்' போன்ற பட்டறைகளும் அங்கே இயங்கின. ஆனால் முத்திரை பட்டறையைத்தான் சொல்லும், செதுக்கிய கையைச் சொல்லாது. ஒரு பட்டறையில் செதுக்குபவர், துணி போடுபவர், தேய்ப்பவர் என்று வேலை பிரிந்திருக்கும். செதுக்கியவரைக் காட்ட பென்சில் எழுத்து வேண்டும்.

படங்களை டார்கியில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய சர்ஃபிங் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். அமெரிக்கப் பலகை என்று தெரியவந்தால் கலிஃபோர்னியா சான் கிளமென்டியில் உள்ள சர்ஃபிங் ஹெரிட்டேஜ் மையம். முழுப் பலகை இருபுறமும், பக்கவாட்டில் வளைவு தெரியும்படி ஒன்று, முத்திரை, பென்சில் எழுத்து, ஃபின், வால் முனை, மரக்கீற்றின் அகலம் ஆகியவற்றை அளவுகோலோடு எடுத்து அனுப்புங்கள். மூக்கிலிருந்து ஓரடி, நடு, வாலிலிருந்து ஓரடி ஆகிய மூன்று இடங்களின் அகலத்தையும் குறித்து அனுப்புங்கள். பலகை கோவளத்துக்கு வந்த விதம் பற்றிச் சித்தப்பாவுக்கு நினைவிருப்பதையும், கொடுத்தவர் எந்த நாட்டுக்காரர் என்பதையும் எழுதி வாங்கி வையுங்கள். பலகையின் வரலாற்றில் அதுவும் ஒரு பகுதி.

இனி செப்பம். பலகை கனப்பது தண்ணீர் குடித்ததால். உடைசலில் உதிரும் ஃபோம் துணுக்கு ஒன்றை எடுத்து ஒரு சொட்டு அசிட்டோன் விடுங்கள். கரைந்தால் தெர்மோகோல் இனம். பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அதுவும் கரையும், இன்னொரு வகை ரெசினான எபாக்சி மட்டுமே ஆகும். கரையாமல் நின்றால் பாலியூரிதேன். உங்கள் பலகை அநேகமாக இதுதான். இரண்டு ரெசினும் ஒத்துக்கொள்ளும்.

உடைசலைச் சுற்றித் தளர்ந்த துணியை வெட்டி எடுத்து, உள்ளே இருக்கும் உப்பை நல்ல தண்ணீரால் அலசுங்கள். உப்பு இருக்கும்வரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு உடைசல் கீழ்ப்பக்கம் வரும்படி நிழலில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் உள்ளே நீராவி கிளம்பித் துணி ஃபோமை விட்டுக் கழன்றுவிடும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலும் துலா (வடகிழக்குப் பருவ) மழையிலும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்; தையில் தொடங்கினால் நிம்மதி. வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறியுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால், உடைசல் மேல் பாலிதீன் தாளை ஓரம் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். உட்புறம் வியர்த்தால் இன்னும் காயவில்லை. இங்கே அவசரப்பட்டால் மேலே செய்யும் எல்லா வேலையும் வீண்.

வள்ளப் பட்டறையில் வாங்கக்கூடியது பாலியெஸ்டர் ரெசின், அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், அசிட்டோன். அங்கே கிடைப்பதில் நிறமற்ற ரெசினாகப் பார்த்துக் கேளுங்கள். மேட்டுக்குப் பதிலாகச் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடி இழைத் துணி, அரை மீட்டர் போதும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கரைசல் ரெசினில் முன்பே கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கலக்கவில்லை என்றால் முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்தபிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையைப் பயன்படுத்தாதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியுங்கள், பட்டுவிட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

அளவு: 50 கிராம் ரெசினுக்கு அரை மில்லி கேட்டலிஸ்ட், சிறு சிரிஞ்சால். நம் ஊர் வெக்கையில் இதற்கு மேல் போட்டால் சூடேறி மஞ்சளித்து வெடிப்பு விடும். குறைத்தால் முழுதாக இறுகாது. நேரம் வேண்டுமென்றால் கேட்டலிஸ்ட்டைக் குறைக்காமல் விடியற்காலையில் வேலை செய்யுங்கள். ஒரு தடவைக்கு 50 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள்.

குழியில் மெத்தென்று உதிரும் ஃபோமை மட்டும் எடுங்கள்; பழுப்பேறியும் கெட்டியாக நிற்பது இருக்கட்டும். ரெசினில் கண்ணாடி நுண்குமிழிப் பொடியைச் சேர்த்து இட்லி மாவு பதத்துக்குக் கலந்து நிரப்புங்கள். பட்டறையில் போடும் டால்க் பொடி கனம் கூட்டும். ஓரங்குலத்துக்கு மேல் ஆழம் இருந்தால் பாலியூரிதேன் ஃபோம் துண்டைச் செதுக்கிப் பொருத்துங்கள். மீன் பெட்டித் தெர்மோகோல் ரெசினில் கரைந்துபோகும். கேனில் அடைத்து வரும் நுரை தண்ணீரைக் குடிக்கும்.

இறுகியதும் விளிம்பின் வளைவுக்குத் தேய்த்து, சுற்றிலும் ஓரங்குல அகலத்துக்கு மட்டும் 80-ஆம் எண் உப்புத்தாளால் பழைய பரப்பைச் சொரசொரப்பாக்குங்கள். குழியின் அளவுக்கு ஒரு துணி, அதைவிட ஓரங்குலம் பெரிதாக இன்னொன்று. துணியின் எடைக்குச் சமமான ரெசினே போதும். துணி கண்ணுக்கு மறைந்து நெசவு மட்டும் தெரிந்தால் சரி. குளமாகத் தேங்கினால் வழித்து எடுங்கள். கடைசிப் பூச்சில் மட்டும் 100 கிராமுக்கு 3 முதல் 5 கிராம் மெழுகுக் கரைசல் கலக்க வேண்டும். அந்த மெழுகு மேலே வந்து காற்றை மறைப்பதால்தான் பரப்பு தேய்க்கும் அளவுக்குக் காய்கிறது. 120, 220, 400, 600 என்று ஏறுங்கள். நெசவு வெளியே தெரியத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள்.

ஃபின்னைக் கழற்றாதீர்கள். விரிசலை 'வி' வடிவில் திறந்து, ரெசினில் நனைத்த கண்ணாடி இழைக் கயிற்றை அடியில் பதித்து, அதன்மேல் இரண்டு துணி போட்டால் போதும். லீஷ் துளையை அடைக்கத் தேவையில்லை.

விரல் நுனியால் மேல்பக்கம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்கும் இடத்தில் துணி கழன்றிருக்கிறது. சிறியதாக இருந்தால் 3 மில்லிமீட்டர் துளை இரண்டு போட்டு, ஒன்றின் வழியாக எபாக்சியைச் செலுத்துங்கள். மற்றதில் வெளிவந்ததும் பாலிதீன் விரித்து மணல் மூட்டை வைத்துவிடுங்கள்.

ஒட்டுப் போட்ட இடம் வெளுப்பாகத் தெரியும். கடைசிப் பூச்சில் மஞ்சளும் துளி பழுப்பும் கலந்து ஓரளவு இணைக்கலாம். முழுப் பலகையையும் வெளுக்க வைக்க முயல வேண்டாம். பாதப் பள்ளங்கள், நிறம் மங்கிய கோடுகள், நூல் விரிசல்கள் அப்படியே இருக்கட்டும். சேகரிப்பவர்கள் மதிப்பதும் பழைய மேற்பூச்சைத்தான். கண்ணாடி இழையைத் தேய்க்கும்போது துகளுக்கான முகக்கவசம், ரெசின் வேலைக்கு ஆவி வடிகட்டும் முகக்கவசம். துணி கட்டிக்கொள்வது போதாது.

வேலை முடிந்தபின் தகரக் கூரைக்கு அடியிலோ ஜன்னல் வெயிலிலோ வைக்காதீர்கள். உட்சுவரில், துணி சுற்றிய இரண்டு தாங்கிகள் மேல், ஃபின்னில் பாரம் விழாமல் படுக்கை வசமாக வையுங்கள். அருங்காட்சியகத்திலிருந்து பதில் வரும்வரை கடலில் இறக்க வேண்டாம். அரிய பட்டறையின் பலகை என்று தெரிந்தால் அது சுவரிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் இடுப்பளவு அலையில் தாராளமாக ஓட்டலாம்.