விந்து சீக்கிரம் நீர்த்துப்போகிறது, குழந்தை பிறக்குமா?

கேள்வி: எனக்கு வயது 32. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. விந்து வெளிவரும்போது கெட்டியாக இருக்கிறது. கால் மணி நேரத்தில் தண்ணீராகிவிடுகிறது. உறவுக்குப் பிறகு பெரும்பகுதி வெளியே வழிந்தும் விடுகிறது. ‘தாது பலவீனம்’ என்று ஒருவர் லேகியம் கொடுத்தார். விந்து கெட்டிப்படுவதற்காக மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மட்டும் சேர்ந்தால் போதும் என்றார். பரிசோதனையில் அளவு 2.2 மி.லி., ஒரு மில்லிலிட்டரில் 3.4 கோடி அணுக்கள், அசைவு 48 சதவீதம், இயல்பான வடிவம் 5 சதவீதம் என்று வந்திருக்கிறது. அப்படியானால் 95 சதவீதம் பழுதா?

பதில்: முதலில் அந்த மூன்று வாரக் காத்திருப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அது ஒன்றுதான். கால் மணி நேரத்தில் விந்து இளகுவது நோயல்ல. அது இளகத்தான் வேண்டும்.

விந்தில் விந்தணுக்களின் பங்கு ஏறக்குறைய ஐந்து சதவீதம் மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கு திரவம், சிறுநீர்ப்பைக்குப் பின்னால் உள்ள இரண்டு விந்துப்பைகளிலிருந்து வருகிறது. மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியினுடையது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஆணுக்கும் விந்து கிட்டத்தட்ட அதே அளவில், அதே நிறத்தில் வருவது இதனால்தான். அறுவை முடிந்து சில மாதங்கள் ஆனபின் அதில் பொதுவாக அணு ஒன்றுகூட இருக்காது. ஆகவே விந்தின் கெட்டியையோ நிறத்தையோ பார்த்து அணுக்களின் எண்ணிக்கையை யாராலும் சொல்ல முடியாது. அதற்கு நுண்ணோக்கி வேண்டும்.

விந்துப்பைகள் சுரக்கும் செமினோஜெலின் என்ற புரதம் விந்தை வெளிவந்தவுடன் கூழாக உறையவைக்கிறது. உடனே புராஸ்டேட்டின் பி.எஸ்.ஏ. என்ற நொதி அந்தப் புரதத்தைத் துண்டுதுண்டாக வெட்டத் தொடங்குகிறது. வயதான ஆண்களுக்கு ரத்தத்தில் பார்க்கச் சொல்கிறார்களே, அதே பி.எஸ்.ஏ.தான். பொதுவாக 15 முதல் 30 நிமிடங்களில் கூழ் இளகி, அணுக்கள் தடையில்லாமல் நீந்த வழி கிடைக்கிறது. ஒரு மணி நேரம் கழிந்தும் இளகாமல் நின்றால்தான் ஆய்வகத்தில் அதைக் குறையாக எழுதுவார்கள்.

பெண்ணின் பிறப்புறுப்புப் பாதை இயல்பாகவே அமிலத்தன்மை கொண்டது. கிருமிகளைத் தடுக்கும் அந்த அமிலம் விந்தணுவையும் அழித்துவிடும். விந்தின் காரத்தன்மை அதைச் சிறிது நேரம் தணித்து வைக்கிறது. விந்துப்பைச் சாறில் உள்ள பிரக்டோஸ் என்ற சர்க்கரை அணுக்களுக்கு எரிபொருள். புராஸ்டேட்டின் துத்தநாகம் அணுவின் தலையில் உள்ள மரபுப்பொருளைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்க உதவுகிறது. வேகமான அணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாயின் சளிக்குள் நுழைந்துவிடும். வெளியே வழிவது பெரும்பாலும் வேலை முடிந்த திரவம். உங்கள் மனைவி அதற்காக இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டியதில்லை. கோடிக்கணக்கில் கிளம்பும் அணுக்களில் முட்டையின் அருகே போய்ச் சேருபவை சில நூறு மட்டுமே.

‘இயல்பான வடிவம் 5 சதவீதம்’ என்பதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காத பல இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டில் இதற்கான கீழ் வரம்பே 4 சதவீதம்தான். தலை, கழுத்து, வால் எல்லாம் மிகக் கறாரான அளவுகோலில் பார்க்கப்படுவதால் நல்ல ஆரோக்கியமான ஆண்களுக்கும் இந்த எண் சிறியதாகவே வரும். மற்ற வரம்புகள்: அளவு 1.4 மி.லி., ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்கள், மொத்த அசைவு 42 சதவீதம். நீங்கள் எல்லாவற்றிலும் மேலேதான் இருக்கிறீர்கள். இது கருத்தரிப்புக்கு உத்தரவாதமல்ல. ஆனால் ‘பழுது’ என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை.

பரிசோதனைக்கு முன் எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு முதல் ஏழு நாள் வரைதான் விட வேண்டும். மூன்று வாரம் கழித்துக் கொடுத்திருந்தால் இன்னொரு முறை செய்துகொள்ளுங்கள். அணுக்கள் மிகுதியாக இருப்பது முதலில் வரும் பகுதியில்தான். அது சிந்திவிட்டால் எண்ணிக்கை குறைவாகக் காட்டும், ஆய்வகத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வீட்டில் எடுத்தால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள்.

சேமித்து வைத்தால் விந்து வலுப்பெறும் என்பது தவறு. நாள் கூடக்கூட அளவு கூடும். ஆனால் தேங்கிய அணுக்களின் அசைவு குறையும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. முட்டை வெளிவந்தபின் அதிகபட்சம் ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். அணுக்கள் உள்ளே ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அதனால் முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமே கருத்தரிக்க ஏற்றவை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்தால் பல மாதங்களில் இந்த நாட்கள் முழுவதும் கைநழுவிப் போயிருக்கும். மனைவிக்கு முட்டையின் வெள்ளைக்கருபோல வழவழப்பான, இழுத்தால் நூலாக நீளும் சளி வரும் நாட்களில் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள்.

ஒரு துளி விந்து பல துளி ரத்தத்துக்குச் சமம் என்று சொல்லிச் சொல்லியே நம் இளைஞர்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வேதனை தரும் விஷயம். ரத்தத்திலிருந்து விந்து வடிக்கப்படுவதில்லை. விந்தணுக்கள் நாள்தோறும் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கின்றன. ஓர் அணு முழுமையடைய இரண்டரை மாதம்போல ஆகும். சிகரெட்டை நிறுத்தினாலும் அதன் பலன் அறிக்கையில் தெரிய ஏறக்குறைய மூன்று மாதம் பொறுக்க வேண்டும். கடும் காய்ச்சலின் பாதிப்பும் அதே அளவு காலம் நீடிக்கலாம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத லேகியத்தை உடனே நிறுத்துங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் டெஸ்டோஸ்டீரான் ஊசி போட்டுக்கொள்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது அணு உற்பத்தியையே அணைத்துவிடும்.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் இருவருமே பரிசோதிக்க வேண்டும் என்பது நடைமுறை. மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதமே வரம்பு. உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மனைவியோடு சேர்ந்தே போங்கள். அவருக்கு முட்டை மாதந்தோறும் வெளிவருகிறதா, கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். போகும்போது இந்த அறிக்கையையும், மனைவியின் கடந்த ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளையும், மிச்சமிருக்கும் லேகிய டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.