‘ரோஜர்’ மட்டும் போதாது

வணக்கம். டர்பன் கிங் ஷாகா விமான நிலையத்தில் ‘ஹோல்ட் ஷார்ட் ரன்வே ஸீரோ சிக்ஸ்’ (06 ஓடுபாதைக்குள் நுழையாமல் அதற்கு முன்பே நில்லுங்கள்) என்ற வானொலிக் கட்டளைக்கு நீங்கள் ‘ரோஜர்’ என்றதும், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் அந்தக் கட்டளையையே மூன்று முறை திரும்பச் சொன்னதால் பதறிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ‘ரோஜர்’ என்றால் முழுவதும் காதில் விழுந்தது என்று மட்டுமே பொருள். ‘ஹோல்ட் ஷார்ட்’ என்பதையும் ஓடுபாதை எண்ணையும் உங்கள் விமானத்தின் அழைப்புக் குறியோடு சேர்த்து நீங்கள் திருப்பிச் சொல்லும்வரை அவர் விடமாட்டார், விடவும் கூடாது. 1977இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், ஓடுபாதையில் இரு விமானங்கள் மோதி 583 பேர் மாண்ட பிறகுதான் இந்தக் கண்டிப்பு இறுகியது. ‘டேக்ஆஃப்’ என்ற சொல்லைக்கூட அதற்கான அனுமதியைத் தரும்போதும் ரத்துசெய்யும்போதும் மட்டுமே சொல்வார்கள், மற்ற நேரங்களில் ‘டிபார்ச்சர்’ (புறப்பாடு)தான். சாட்ஸ்வர்த் வீட்டில் இந்த வானொலிப் பேச்சைப் பழகத் தொடங்கிய நாட்களில் நான் (வீட்டார் சிரித்தாலும்) பாதை, உயரம், ஸ்குவாக் (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் எண்) என்று தாளில் முன்கூட்டியே எழுதிவைத்து, எதிரே எண்களை மட்டும் குறித்துக்கொண்டேன். பிடிபடாதபோது தயங்காமல் ‘ஸே அகெய்ன்’ (மீண்டும் சொல்லுங்கள்) என்று கேளுங்கள்.