வேலியோர முள்மரமும் ஆப்பிள் புழுவும்

கேள்வி: ஒன்டாரியோவில் 12 ஆப்பிள் மரங்கள் வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் பழத்தில் புழு வைத்துவிடுகிறது. வேலியோர ஹாத்தார்ன் முள்மரங்களிலிருந்துதான் ஈ வருகிறது, வெட்டிவிடுங்கள் என்கிறார்கள். வெட்டலாமா?

பதில்: அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். பழத்துக்குள் இருக்கும் புழு, ஆப்பிள் பழ ஈயின் முட்டையிலிருந்து வருவது. அந்த ஈயின் பூர்வீக உணவு ஹாத்தார்ன் பழமே என்பதால் சந்தேகம் அதன்மேல் விழுவது இயல்பு. ஆனால் ஐரோப்பியர் கொண்டுவந்த ஆப்பிளுக்கு இந்த ஈ தாவி, 1860களில் நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கில் முதலில் கண்டறியப்பட்ட காலத்திலிருந்து, இரு மரத்து ஈக்களும் தனித்தனியே பிரியத் தொடங்கிவிட்டன. உணவு மாறுவதாலேயே புதிய இனம் பிறக்கக்கூடும் என்று பெஞ்சமின் வால்ஷ் என்னும் பூச்சியியலாளர் அந்நாளிலேயே எழுதினார்.

ஆப்பிள், ஹாத்தார்னைவிட 3 முதல் 4 வாரம் முந்திப் பழுக்கிறது. ஆண்டுக்கு ஒரே தலைமுறை, வளர்ந்த ஈயின் ஆயுளோ ஏறத்தாழ ஒரு மாதம் என்பதால், தன் பழம் பழுக்கும் வேளையில் வெளிவராத ஈக்கு வாழ்வில்லை. இணை சேர்வதும் பழத்தின் மீதோ அதனருகிலோதான். ஆகவே ஆப்பிளில் பிறந்தது பெரும்பாலும் ஆப்பிளில் பிறந்ததோடே சேர்கிறது.

குளிர்காலமும் இவற்றைச் சலித்தெடுக்கிறது. ஆப்பிளிலிருந்து இறங்கும் புழு, மண்ணில் கோடைச் சூடு தணியுமுன்பே கூட்டுப்புழுவாகிவிடுகிறது; அந்தச் சூட்டில் உறக்கம் கலைந்து வெளிவரும் ஈ முட்டையிடப் பழமின்றி உறைபனியில் மடியும், ஆழ்ந்து உறங்குவதே அடுத்த கோடையைக் காணும். ஆனாலும் தலைமுறைக்கு 4 முதல் 6 விழுக்காடு கலப்பு நடப்பதால், இவை இன்னும் முற்றிலும் தனி இனங்களாகிவிடவில்லை.

எனவே முள்மரத்துக்குச் சிறு பங்கு உண்டு. பெரும்பங்கு உங்கள் மரத்தடியில் கிடக்கிறது. உதிர்ந்த பழம் ஒன்றை அறுத்துப் பாருங்கள்: தோலில் ஊசி குத்தியது போன்ற சிறு குழி, உள்ளே சதையெங்கும் பழுப்பு நிறக் கோடுகள். புழு மண்ணுக்குள் இறங்குமுன் அத்தகைய பழங்களை வாரம் இருமுறையாவது பொறுக்கி, இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் வெயிலில் போடுங்கள், எருக்குழியில் கொட்டாதீர்கள். ஜூலை தொடக்கத்திலேயே, ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும்படி பசை தடவிய சிவப்பு உருண்டைகளைக் கிளைகளில் தொங்கவிடுங்கள். பக்கத்தில் கவனிப்பாரற்ற ஆப்பிள் மரம் இருந்தால், முள்மரத்துக்கு முன் அதைக் கவனியுங்கள். சில கூட்டுப்புழுக்கள் இரண்டு குளிர்காலம்கூட உறங்குமாதலால், முதலாண்டிலேயே புழு அடியோடு ஒழியவில்லை என்று இதைக் கைவிட்டுவிடாதீர்கள்.